தறிவீட்டு வாசலில் களப்பணி: ஆரணியிலிருந்து சில கேள்விகள்

சமூகப்பணி முதுகலை படிக்கும் ஒரு மாணவியை வாரத்துக்கு இரண்டு நாள் ஆரணியில் களப்பயிற்சிக்கு அமர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்த அலுவலகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு திருவண்ணாமலையில் இருக்கிறது, ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் வேலூர், ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஊருக்குள் அரசு மருத்துவமனை உண்டு, பள்ளிகள் உண்டு, மகளிர் சுயஉதவிக் குழுக்கள் உண்டு, பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. ஆனால் மாணவியை அருகில் உட்காரவைத்துத் தொழில் சொல்லித்தரப் படித்த சமூகப்பணியாளர் ஒருவரை இவற்றில் தேடிப்பிடிப்பது எளிதல்ல. அதைவிடப் பெரிய சிக்கல், ஊரின் கஷ்டங்களில் பாதி இந்த அலுவலக வாசல்களுக்கு வருவதே இல்லை. அவை தறி போட்ட வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகின்றன.

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணி, பட்டுச் சேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். தறிகள் நகரத்தோடு நின்றுவிடவில்லை. ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுக் கிராமங்களிலும் பரவிக் கிடக்கின்றன. கர்நாடகத்துப் பட்டும் சூரத் ஜரிகையும் முதலாளியிடமிருந்தோ சங்கத்திலிருந்தோ வீட்டுக்கு வருகின்றன, நெய்த சேலை திரும்பிப் போகிறது, நெசவாளிக்குக் கூலி. முதலாளியிடம் நெய்பவருக்குப் பல நேரம் முன்பணமும் சேர்ந்து வரும். அந்த முன்பணம் தீரும்வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35 லட்சத்துக்கும் அதிகமான கைத்தறித் தொழிலாளர்களை எண்ணியது. அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். மூன்றில் இரண்டு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் கீழே. இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் கடன், படிப்பை நிறுத்திய பிள்ளை, மூட்டுவலி, குடி, முதுமை எல்லாமே சமூகப்பணிப் பாடத்திட்டத்தில் தனித்தனித் தாள்களாக இருக்கின்றன. ஆரணியில் அவை ஒரே வீட்டில் ஒரே கூரைக்கடியில் இருக்கின்றன.

நம்முடைய களப்பயிற்சி விதிகள் எல்லாம் ‘ஏஜென்சி’, அதாவது மாணவரை ஏற்றுப் பயிற்சி தரும் நிறுவனம், என்று ஒன்று இருப்பதாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. பெரிய நகரத்தில் அது பொருந்தும். நெசவு ஊரில் பொருந்தாது. அங்கே மாணவரை அமர்த்த வேண்டிய இடம் ஒரு தெரு. அந்தத் தெருவை ஒரு கல்லூரி வருடக்கணக்கில் விடாமல் பிடித்துக்கொண்டால்தான் மாணவர் செலவழிக்கும் மணிகளுக்கு மதிப்பு வரும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

ஏஜென்சி மையமாக வந்ததற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1898இல் நியூயார்க் நகரத்தின் தொண்டு அமைப்பு ஒன்று தன் ஊழியர்களுக்காகக் கோடைக்காலப் பயிற்சி நடத்தியது. அமெரிக்காவில் சமூகப்பணிக் கல்வி அதிலிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். அமைப்பு முதலில் வந்தது, பள்ளி பின்னால் வந்தது. எனவே மாணவர் எங்கே பழகுவார் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. இந்தியாவிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். பம்பாயின் நாக்பாடா பகுதியில் அக்கம்பக்க மையம் நடத்திவந்த அமெரிக்க மிஷனரி கிளிஃபோர்ட் மான்ஷார்ட், 1936இல் சர் தொராப்ஜி டாடா பட்டப் பள்ளியைத் தொடங்கிவைத்தார். அதுதான் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சென்னை சமூகப்பணிப் பள்ளி எழுந்தது. அவர் அதற்கு முன்பே கில்ட் ஆஃப் சர்வீஸ் அமைப்பின் வழியாக நகரத்தில் பல தொண்டு நிறுவனங்களைக் கட்டியெழுப்பியிருந்தார். சென்னை மாணவருக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருந்தது, பிறகு 1984இல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல அமைப்பு வந்தது, 1993இல் அதே துறையில் பான்யன் வந்தது. இடத்துக்குப் பஞ்சமில்லை.

இதே நாட்டில் வேறொரு மரபும் இருந்தது. 1947இல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் தொடங்கிய காந்திகிராமத்தில், மாணவர்கள் கிராமத்திலேயே போய்த் தங்கிப் பழகுவது படிப்பின் பகுதியாயிற்று. சின்னாளபட்டியும் நெசவு ஊர்தான் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த மரபைச் சமூகப்பணித் துறைகள் பத்து நாள் ‘ரூரல் கேம்ப்’ ஆகச் சுருக்கிக்கொண்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. முகாமில் மரம் நடுவார்கள், பேரணி போவார்கள், கடைசி நாள் கலைநிகழ்ச்சி நடக்கும். பதினோராம் நாள் கிராமத்துக்கும் கல்லூரிக்கும் தொடர்பு இருக்காது.

விதிகள் என்ன சொல்கின்றன? பல்கலைக்கழக மானியக் குழு 2001இல் சமூகப்பணிக்கு ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டது. பெரும்பாலான கல்லூரிகளில் நடைமுறை வாரத்துக்கு இரண்டு நாள், சுமார் 15 மணி நேரம். ஒரு பருவத்துக்கு 15 வாரம் என்று போட்டால் 225 மணி. நான்கு பருவத்துக்கு 900. அமெரிக்காவில் சமூகப்பணிக் கல்விக் கவுன்சில் முதுகலைக்குக் கேட்பதும் குறைந்தது 900 மணிதான், இளங்கலைக்கு 400. சமூகப்பணிப் பள்ளிகளின் உலக அமைப்பு 2020இல் வெளியிட்ட தரவிதிகள் படிப்பின் கால்பங்காவது களத்தில் கழிய வேண்டும் என்கின்றன. காகிதத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

வேறுபாடு மேற்பார்வையில் இருக்கிறது. அமெரிக்க விதியில் முதுகலை மாணவரைக் களத்தில் வழிநடத்துபவர் சமூகப்பணியில் முதுகலை முடித்து, அதன்பின் இரண்டு வருடமாவது அந்தத் தொழில் செய்திருக்க வேண்டும். நம் நாட்டில் சமூகப்பணித் தொழில் முழுவதையும் ஒழுங்குபடுத்தும் தேசியக் கவுன்சில் இன்றுவரை இல்லை. செவிலியருக்கு 1947லேயே சட்டம் வந்தது, வழக்கறிஞருக்கு 1961இல். ஆசிரியர் கல்வியைப் பாருங்கள்: தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் வருட விதிப்படி பி.எட். மாணவர் இரண்டு வருடத்தில் 20 வாரம் களத்தில் இருக்க வேண்டும், அதில் 16 வாரம் பள்ளியில். அது சட்டத்தின் பலத்தோடு வருகிறது. 2021ஆம் வருடத்து இணை மருத்துவத் தொழில் ஆணையச் சட்டம் மருத்துவ, மனநல சமூகப்பணியாளர்களைத் தன் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. மருத்துவமனைக்கு வெளியே வேலை செய்பவர், அதாவது ஆரணித் தெருவில் நிற்கப்போகிற மாணவி, அந்தக் குடையின் கீழ் வரமாட்டார்.

சட்டம் இல்லாத இடத்தை எண்ணிக்கை நிரப்பிக்கொள்கிறது. பருவத்துக்கு இத்தனை கேஸ் ஒர்க், இத்தனை குரூப் ஒர்க், ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி, புகைப்படத்தோடு ரிப்போர்ட். ‘கேஸ் கிடைச்சுதா?’ என்று மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது எந்தத் துறையின் நடையிலும் காதில் விழும். ரிப்போர்ட் பெரும்பாலும் ஆங்கிலத்தில். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசி, மாணவியிடம் தமிழில் பதில் சொல்லும் ஒரு நெசவாளியின் பேச்சு கடைசியில் ‘பொருளாதாரச் சிக்கல்’ என்ற ஒற்றை வரியாகி விடுகிறது.

தறிவீட்டுக்குள் போவோம். முன்கூடத்தில் குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் கால் இறங்கி மிதியை மிதிக்கும், கை நாடாவைத் தள்ளும், கண் கரையில். நெய்பவர் பேசலாம், ஆனால் தலை நிமிர்ந்து பேச மாட்டார். நிமிர்ந்தால் வேலை நிற்கும், கூலி நிற்கும். பக்கத்தில் மனைவியோ தாயோ தார் சுற்றிக்கொண்டிருப்பார். பாவு, அதாவது தறியின் நீளவாக்கு இழைகள், முடிந்து புதுப் பாவு வந்தால் பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியை ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைக்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழைகள். அந்த நாளில் வீட்டில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனையும் வேண்டும். விடியற்காலையில் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். காலை பத்து மணிக்குக் கோப்போடு வந்து நிற்கும் மாணவி இந்த வேலைகளுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்.

முதல் நாள் அவரிடம் கேட்கப்படும் கேள்வி அநேகமாக இப்படித்தான் இருக்கும்: “நீ எந்த லோன் ஆபீசும்மா?” நோட்டும் அடையாள அட்டையும் கொண்டு பகலில் வீடு வீடாக வருபவர்கள் நுண்கடன் வசூலுக்கு வருபவர்கள்தான் என்பது வடமாவட்டப் பெண்களின் அனுபவம். கடன் வசூலில் நடக்கும் கெடுபிடியைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2025இல் தனி மசோதாவே நிறைவேற்ற வேண்டியிருந்தது. தான் கடன்காரர் இல்லை என்று அந்த வீட்டுக்குப் புரியவைக்கவே சில வாரங்கள் போய்விடும். ‘மேடம்’ என்று கூப்பிட்டவர் “வாம்மா, திண்ணையில உக்காரு, இந்தத் தாரைச் சுத்திட்டு வரேன்” என்று சொல்லும் நாளில்தான் பயிற்சி தொடங்குகிறது. பாடத்திட்டப்படி அதற்குள் பாதிப் பருவம் முடிந்திருக்கும்.

ஓர் எட்டாம் வகுப்புச் சிறுமி வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வருவதில்லை என்று தலைமை ஆசிரியர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். மாணவி வீட்டுக்குப் போகிறார். “உடம்பு சரியில்லீங்க” என்கிறார் தாய். அடுத்த வாரமும் அதே பதில். மூன்றாவது முறை போகும்போது சிறுமி பாவு பிணைத்துக்கொண்டிருக்கிறாள். இங்கே மாணவிக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும், அதில் இருக்கும் ஓட்டையும் தெரிந்திருக்க வேண்டும். 1986ஆம் வருடக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் துணி நெசவைத் தடைசெய்த வேலைகளின் பட்டியலில் வைத்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடத்தும் பட்டறைக்கு விலக்கு அளித்தது. பட்டுத் தறியில் பெரும்பகுதி வீட்டுத் தறி. 2016ஆம் வருடத் திருத்தமும், ஆபத்தான வேலையாக இல்லாவிட்டால், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் பிள்ளை குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. ஆக, ஞாயிற்றுக்கிழமை பிணைத்தால் ஒரு கதை, செவ்வாய்க்கிழமை பிணைத்தால் வேறு கதை. வீட்டார் முன்பணத்தில் மாட்டியிருந்தால் 1976ஆம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வரை விஷயம் போகலாம்.

பட்டுக்கும் பிள்ளைகளின் உழைப்புக்கும் உள்ள உறவு புதிதல்ல. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டாவது ஆள் வேண்டும். அந்த இடத்தில் நீண்ட காலம் சிறுவர்கள் உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த வருடங்களில் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்கான இந்திய–அமெரிக்க இன்டஸ் திட்டம் திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் வந்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988 முதல் சிறப்புப் பள்ளிகள் நடத்தியது. 2021இல் அது சமக்ர சிக்‌ஷாவோடு சேர்க்கப்பட்டது. இந்தத் திட்டங்களால் பெரும் பலன் விளைந்ததை மறுக்க முடியாது. இன்று தறியில் கூலிக்குச் சிறுவர்களைக் காண்பது அரிது என்று நெசவாளர்களே சொல்வார்கள். ஆனால் தனிச் சிறப்புப் பள்ளி போன பிறகு, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் விடுபடும் பிள்ளையைக் கவனிக்கத் தெருவில் ஆள் இல்லை. களப்பயிற்சி மாணவர் நிற்க வேண்டியது அந்த வெற்றிடத்தில்.

அப்படி நிற்பவருக்கு ஆபத்தான தருணங்களும் வரும். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஒரு குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்த எவரும் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். ‘நீங்கள் சொல்வது வெளியே போகாது’ என்று வகுப்பில் கற்ற வாக்கியத்தை மாணவி எல்லா வீட்டிலும் சொல்ல முடியாது. அதற்கு எல்லை உண்டு என்பதை முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். இருபத்தொரு வயதில் அப்படியொரு தகவலைக் கையில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். களப்பயிற்சி விதியில் ஒன்றே ஒன்றைக் கட்டாயமாக்கலாம் என்றால் நான் அதைத்தான் கேட்பேன்.

ஏஜென்சி இல்லாத இடத்தில் அமர்த்தும் வழக்கம் நம் துறையில் இருக்கிறது. ‘ஓபன் கம்யூனிட்டி’ என்பார்கள். குடிசைப் பகுதியோ கிராமமோ ஒன்றைத் தேர்ந்து, கல்லூரி ஆசிரியரே மேற்பார்க்க, மாணவர்கள் அங்கே நேரடியாக வேலை செய்வார்கள். அதிலிருந்து பெரிய விஷயங்கள் முளைத்திருக்கின்றன. டாடா நிறுவனம் ‘களச் செயல்திட்டம்’ என்ற பெயரில் இப்படிப்பட்ட வேலைகளை நடத்தியது. 1984இல் மும்பைக் காவல் நிலையத்துக்குள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொடங்கிய தனிப் பிரிவு அதில் ஒன்று. 1996இல் ஜெரூ பில்லிமோரியாவின் முயற்சியில் மும்பையில் பிறந்து, நாடு முழுக்கப் பரவிய 1098 சைல்டுலைன் என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி இன்னொன்று. நம் பக்கத்தில், வேலூர் சி.எம்.சி. 1977இல் கே.வி. குப்பத்தில் தொடங்கிய ரூசா என்ற ஊரக நல மையம் ஒரே வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக வேரூன்றி நிற்கிறது. காவல் நிலையத் தனிப் பிரிவுக்கும் ரூசாவுக்கும் பொதுவானது, நிறுவனம் இடத்தை விட்டுப் போகவில்லை என்பதுதான்.

எனவே ஆரணிக்கு நான் நினைக்கும் ஏற்பாடு இது. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி போன்று சமூகப்பணிப் பட்டப்படிப்பு நடத்தும் வட்டாரக் கல்லூரி ஒன்று, இரண்டு மூன்று நெசவுத் தெருக்களை ஐந்து வருடத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோப்பு, தமிழில், பூட்டிய அலமாரியில். போகும் மாணவர் வரும் மாணவரை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அறிமுகப்படுத்த வேண்டும். அதற்கு ஆகும் நாட்களும் பயிற்சி நேரக் கணக்கில் சேர வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தை முதன்மைக் களமாக்கலாம். சங்கத்துக்கு உறுப்பினர்களின் வருமானம் தெரியும், யாருக்கு வேலை குறைந்திருக்கிறது என்பது தெரியும். நெசவாளர் சேமிப்பு, முதியோர் ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் அந்த மேசை வழியாகத்தான் போகின்றன. 2023இல் கைத்தறிக்கு இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் என்று உயர்ந்தபோது யார் வீட்டு இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்ற சிக்கல் எத்தனை வீட்டில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதைத் தீர்த்துவைக்கும் மாணவியை அந்த வீடு நினைவில் வைத்திருக்கும். அடுத்து அவர் பிள்ளையின் பள்ளி வருகையைப் பற்றிக் கேட்டால் பதில் வரும். சங்கத்தில் சேராமல் முதலாளியிடம் நெய்யும் வீடுகளுக்கு இந்த வழி எட்டாது. அங்கே பள்ளியும் சுயஉதவிக் குழுவும்தான் வாசல்.

இதற்குத் தடை எது என்று கேட்டால், ஆசிரியரின் வேலைப்பளு என்று சொல்வேன். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு மாணவரின் பதிவையும் படித்து, தனியாக உட்காரவைத்துப் பேசுவதை ‘ஐ.சி.’ என்கிறோம். ஒருவருக்கு அரை மணி நேரமாவது வேண்டும். சுயநிதிப் பிரிவில் குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்கும் ஆசிரியருக்கு அந்த நேரம் பாடவேளைக் கணக்கில் ஏறுவதில்லை என்றால், அவர் பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? மாணவருக்கும் செலவு உண்டு. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை என்பது மாணவிகளுக்கு உண்மையான உதவி. மதிய உணவும் தொலைபேசிச் செலவும் ஆண் மாணவர்களின் பயணச் செலவும் இன்னும் குடும்பத்தின் தலையில்தான். நூறு நாள் வேலைக்குப் போகும் தாய் ஒருவரின் மகன் வாரத்தில் இரண்டு நாள் சம்பளமில்லாமல் களத்தில் நிற்கிறான் என்பதைக் கல்லூரிகள் கணக்கில் எடுக்க வேண்டும்.

கடைசியாக நாட்காட்டி. நம் கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. அக்டோபர் பாதியில் களப்பணியை மூட்டை கட்டிவிட்டு நவம்பர் தேர்வுக்குப் போகிறோம். மே மாதத்தில் ‘பிளாக் பிளேஸ்மென்ட்’ என்னும் தொகுப்புப் பயிற்சி. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களில்தான் தறிக்குழியில் ஈரம் ஊறும், பாவு காயாது, தெருவில் கஞ்சி போட முடியாது, தறி நிற்கும், கைமாற்று வாங்கத் தொடங்குவார்கள். ஒரு நெசவுக் குடும்பத்தின் வருடத்தில் சமூகப்பணியாளர் மிகவும் தேவைப்படும் பருவத்தில் மாணவர்கள் தேர்வு அறையில் இருக்கிறார்கள். இரண்டு வருடம் ஆரணியில் பயிற்சி பெற்ற ஒருவர் நின்றுபோன தறியை ஒருமுறைகூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிவிட முடியும். பாடத்திட்டத்தைத் திருத்தும் அதிகாரம் துறைகளுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் இருக்கிறது. தொடர் களப்பயிற்சியை ஆடியில் தொடங்கி, நான்கு வாரத் தொகுப்புப் பயிற்சியை மே மாதத்திலிருந்து எடுத்துத் தேர்வு முடிந்த கார்த்திகையில் வைத்தால் போதும். கூடுதல் பணம் தேவையில்லை, அரசாணை தேவையில்லை. அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் ஒரே தீர்மானத்தில் முடிகிற வேலை.